டின் மத்தியும் உன் எடையும்

மழை தொடங்குவதற்குள் கீழே இருப்பதையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள் என்று செல்வி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் இந்த வீட்டின் சொந்தக்காரி. அனகாபுத்தூரில் ஆற்றுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருப்பவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் சாமான்களை அடுக்க வேண்டும். இன்று காலை சமையலறையை ஒழித்தபோது பருப்பு டப்பாவுக்குப் பின்னால் விரலில் சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு டின் மத்தி.

அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் படித்தேன். இன்னும் கெடவில்லை. நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகிவிட்டன. இந்த மீனுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டின்னின் பக்கவாட்டில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. புரதம், கொழுப்பு, கால்சியம், உப்பு. மற்றவர்களுக்கு மந்திரம் மனப்பாடமாக இருப்பதுபோல் எனக்கு அந்த வரிசை மனப்பாடம். ஒரு வருஷம் அதைத்தானே ஜபித்துக்கொண்டிருந்தேன்? சொல்லேன், வேறு எதை ஜபித்திருக்க வேண்டும் நான்?

உனக்கு மீன் என்றால் உயிர். கடலூர்ப் பக்கத்துப் பெண் வேறு எப்படி இருப்பாள்? ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் குடியேறிய நாள் முதல் மீன் சட்டி பரண்மேல் போய்விட்டது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார்கள். உன் அலுவலகத்துக்கு ஒரே பஸ், காற்றோட்டமான இரண்டாம் மாடி, போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்காது. "ஞாயித்துக்கிழமை வெளியில சாப்பிட்டுக்கலாம், விடுங்க" என்றாய். ஞாயிறுதோறும் மேற்குத் தாம்பரத்தில் மீன் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் விரலை முகர்ந்து பார்த்து, "வீட்டுக்குப் போறவரைக்கும் போதும் இந்த வாசனை" என்று சிரிப்பாய். நாம் இரண்டே பேர். வேண்டியதைப் பேசி, வேண்டாததை விட்டு, ஒரு மாதிரி சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு உன் வயிற்றில் அந்த நோய் வந்தது. அறுவை சிகிச்சையில் இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த வயிற்றுக்குள் ஒரு கைப்பிடிச் சோறு போவதற்கே நீ படுத்து எழுந்து, நடந்து, மூச்சு வாங்கி, மறுபடி உட்கார வேண்டியிருந்தது. கீமோ தொடங்கியதும் அந்தக் கைப்பிடியும் போயிற்று. குக்கர் விசில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கடுகு தாளித்தால் பாத்ரூமுக்கு ஓடுவாய். முட்டை வீச்சம் என்றாய். பால் நிற்கவில்லை. பருப்பு உப்பசம். புரதப் பவுடரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாய். கேலிதான். ஆனால் கன்னம் ஒட்டிப்போன முகத்திலிருந்து வரும் கேலியை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த கீமோ ஊசி போட முடியாது. உடம்பு தாங்காது. ஊசி நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே வேலைதான்: உன் எடையை ஏற்றுவது.

அந்த மருத்துவமனையின் டயட்டீஷியன் பெண்ணை உனக்குப் பிடிக்கும். அவள் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டே, வேகமாக, ஆனால் சிரத்தையாகப் பேசுவாள். நீ சோர்ந்து சுவரில் சாய்ந்திருக்க, அவள் என்னிடம் சொன்னாள்:

"சூடா குடுக்காதீங்க சார். சூட்டுலதான் வாசனை கிளம்பும். ஆறினதா குடுங்க. டின் சார்டின் கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம மத்திதான். டின்லயே நல்லா வெந்திருக்கும், சமைக்க வேண்டாம். ரெண்டு துண்டு சாப்பிட்டாலே நல்ல புரதம், நல்ல கொழுப்பு, ஒமேகா த்ரீ. முள் மெத்துன்னு இருக்கும், எடுத்துப் போட்டுடாதீங்க, கால்சியமே அதுலதான். விட்டமின் டியும் இருக்கு."

"அப்ப வேற எதுவும் வேண்டாமாம்மா?" என்றேன்.

"அப்படி இல்ல சார். இது மருந்து இல்ல, சாப்பாடு. உப்பு ஜாஸ்தி, அதனால தண்ணியில அலசிட்டுக் குடுங்க. பி ட்வெல்வுக்கு ஊசிதான். மேடத்துக்கு வயிறு எடுத்துட்டதால வாய் வழியா சரியா ஏறாது. நசுங்கின டின், உப்பின டின் வாங்காதீங்க. திறந்ததை டின்லயே வைக்காதீங்க, வேற டப்பால மாத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சு, மறுநாளைக்குள்ள முடிச்சிடுங்க."

நீ கண்ணைத் திறக்காமலே, "மீனா சொன்னாங்க?" என்றாய். பல வாரங்களுக்குப் பிறகு உணவைப் பற்றி நீயாகக் கேட்ட முதல் கேள்வி அது.

தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறினேன். ஒரு மளிகைக்காரர் சிரித்தார். "கடல் இந்தாண்ட இருக்கு, டின்னுல மீன் தேடறீங்களே சார்!" பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கடிகாரங்களுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவில் ஒருவர் வெளிநாட்டு டின்களைக் குவித்து வைத்திருந்தார். ஆசையாக எடுத்துப் பார்த்தால் பாதி நசுங்கியவை, தேதி சுரண்டியவை. "ஒண்ணும் ஆவாது சார், எடுத்துக்கினு போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். வெயிலில் ஸ்டேஷன் வரை நடந்தபோது அழுகை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் மீன் டின் கிடைக்கவில்லை என்று நடைமேடையில் நின்று அழுதால் யார் என்ன நினைப்பார்கள்? யாரும் எதுவும் நினைக்கவில்லை. ரயில் வந்தது, ஏறினார்கள்.

கடைசியில் வேளச்சேரி சாலையில் ஒரு பெரிய கடையின் அடித்தட்டில் கிடைத்தது. அவசரத்தில் தக்காளிச் சாற்றில் ஊறியதை வாங்கி வந்துவிட்டேன். நீ ஒரு வாய் வைத்தாய். புளிப்பு நெஞ்சை எரித்துவிட்டது. உள்ளே இருந்த மருந்தும் சேர்ந்து வெளியே வந்தது. துடைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து நீதான் சொன்னாய்: "எண்ணெயில போட்டது இருக்குமாங்க? நாளைக்குப் பாருங்க."

பார்த்தேன். எண்ணெயை வடித்து, அலசி, முள்ளோடு மசித்து, எலுமிச்சை பிழிந்து, ஆறிப்போன இட்லியைப் பிட்டு அதன்மேல் வைத்து நீட்டினேன்.

"இட்லிக்கு மத்தியா? எங்கம்மா இருந்தா துடைப்பக்கட்டையால அடிப்பாங்க."

"ஒரே வாய்."

மென்றாய். நான் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினாய். பாத்ரூமுக்கு ஓடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றாய். அந்த இரண்டு சொற்களுக்காக நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பேன்.

அதற்குப் பிறகு அதிகாரம் உன் கைக்குப் போய்விட்டது. கட்டிலில் இருந்தபடியே உத்தரவு வரும். நடுமுள்ளை நான் ஒதுக்கினால், "கால்சியத்தைக் கொண்டுபோய் எங்க போடறீங்க?" என்று அதட்டல். மிளகு தூவச் சொல்வாய். ஒரு நாள் தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டாய். அரை இட்லி ஒரு இட்லியாயிற்று. மருத்துவமனைத் தராசில் முள் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. கொஞ்சம்தான். ஊசி போட்டார்கள். திரும்பி வரும் ஆட்டோவில் என் தோளில் தலையைச் சாய்த்து, "ஜெயிச்சுட்டோம்ல?" என்றாய். ஆமாம் என்றேன். அன்று அது பொய்யில்லை.

காலி டின்களை நான் சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தில் சுற்றி, அலுவலகப் பையில் வைத்து ரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவந்தேன், திருட்டுச் சொத்தைப் போல. ஒரு காலை உனக்குக் காய்ச்சல். டின்னைச் சரியாகக் கழுவாமல் வைத்த பையை மாடிப்படி முனையில் விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தேன். அந்த இடைவெளியில் தெருப் பூனை பைக்குள் தலையை விட்டு, காகிதத்தைக் கிழித்து, டின்னை உருட்டிக்கொண்டுபோய், கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் வாசலில் போட்டிருந்த கோலத்தின் நடுவில் உட்கார்ந்து நக்கியிருக்கிறது.

அவர் மேலே வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆரம்பத்துலயே கிளியரா சொல்லியிருந்தேன். என் ஒய்ஃப் தினம் பூஜை பண்றவ."

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாய். தலையில் துணி நழுவியிருந்தது. "அங்கிள், இத்தனை நாள்ல ஒரு தடவையாவது வாசனை வந்துச்சா?"

அவர் உன்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "வரலம்மா. ஆனா இப்ப தெரிஞ்சுபோச்சே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சிகிச்சை முடியும் வரை என்றேன். சமைக்கவில்லையே, டின்தானே என்றேன். இதை ஒன்றைத்தான் இவள் சாப்பிடுகிறாள் என்றேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இந்த மாசம் வரைக்கும் இருந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர்மேல் எனக்கு இன்று கோபமில்லை. அன்று இருந்த கோபத்தில் கைப்பிடிச் சுவரைக் குத்தி விரல் வீங்கிற்று. நீதான் ஐஸ் வைத்தாய்.

வீடு தேடி அலைந்த அந்த நாட்கள்! மீன் சமைக்கலாம் என்ற வீட்டில், "பேஷண்ட் யாரும் இல்லையே?" என்று கேட்டார்கள். நோயாளி இருந்தால் பாவம், இருக்கட்டும் என்ற வீட்டில் மீன் கூடாது. சேலையூர், சிட்லபாக்கம், பம்மல். உண்மையைச் சொன்னதும் ஒவ்வொரு கதவும் மரியாதையாக மூடிக்கொண்டது. பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடி கொட்டிய உன் தலையை எங்கே ஒளிப்பது?

அனகாபுத்தூரில் இந்தச் சந்துக்கு வந்தபோது செல்வி வாசலில் உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். சண்டைக்குப் போகிறவனைப் போல எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்: என் மனைவிக்குக் கேன்சர், நாங்கள் மீன் சாப்பிடுவோம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு இன்னாத்துக்குண்ணா என்னாண்ட கோச்சிக்கிற? அது இன்னா, ஒட்டிக்கினு வர நோவா? வூடு சின்னதா கீது. அக்காவ இட்டாந்து காட்டு, புட்ச்சிருந்தா வந்துடுங்க."

நாம் வந்தோம். ஆட்டோ உள்ளே நுழையாத சந்து. மழை வந்தால் ஆறு எட்டிப் பார்க்கும் வாசல். ஆனால் நீ இங்கே வந்த முதல் நாளே ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாய். யாரோ மீன் வறுத்தார்கள். நீ ஓடப்போகிறாய் என்று வாளியை எடுத்து வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "குமட்டுது. ஆனா மூடாதீங்க" என்றாய்.

டின்னைப் பார்த்துச் செல்விக்கு ஆறவில்லை. "இன்னாண்ணா இது பேஜாரு! பச்ச மத்தி நாலு வூடு தள்ளி விக்கிறான். நான் கொழம்பு வெச்சு தரமாட்டனா? டின்னுக்குள்ள இன்னா சத்து கீது?"

நீ அவளுக்குப் பாடம் எடுத்தாய். இரண்டிலும் சத்து இருக்கிறது, பச்சை மீனும் நல்லதுதான், ஆனால் காரமும் சூடும் இந்த வயிற்றுக்கு ஆகாது, டின்னில் முள்ளும் வெந்து மெத்தென்று ஆகிவிடுகிறது என்று. அவள் ஒரு துண்டைத் தின்று பார்த்து முகத்தைச் சுளித்தாள். "முள்ளு பிஸ்கோத்தாட்டம் கீது. ஆனா உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல. எப்டிக்கா துன்ற?" நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்று இரண்டு இட்லி.

இன்னொரு ஊசியும் போட்டார்கள். அதன் பிறகு உன் எடை ஏறத் தொடங்கியது. முன்புபோல் துளித்துளியாக அல்ல, நன்றாகவே. மருத்துவமனைத் தராசில் முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்து நர்ஸை இரண்டாம் தடவை எடை பார்க்கச் சொன்னேன். சரிதான். செருப்பு கூடக் காலுக்கு இறுக்கமாகிவிட்டது என்று நீ சொன்னபோது, புதுச் செருப்பு வாங்கலாம் என்று நான் சிரித்தேன். நம் அதிர்ஷ்டத்தைப் பாரேன். காத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரிடம் மத்தியின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்.

டாக்டர் உன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது.

அவர் உன்னை வெளியே உட்காரச் சொல்லவில்லை. சொன்னாலும் நீ போகமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "இது சதை இல்ல சார். நீர். வயித்துலயும் சேர்ந்திருக்கு. நோய் பரவியிருக்கு."

"எடை ஏறியிருக்கே டாக்டர்," என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். நீ என் கையைப் பிடித்து, "போதும், எழுந்திருங்க" என்றாய்.

வராந்தாவில் உன்னை உட்காரவைத்துவிட்டு டயட்டீஷியன் அறைக்கு ஓடினேன். கதவைத் தட்டக்கூட இல்லை. அந்தப் பெண் யாருக்கோ ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "இன்னும் என்ன குடுக்கணும் சொல்லும்மா. இன்னும் எத்தனை டின்? எதுவா இருந்தாலும் வாங்கிட்டு வரேன்." கத்தியிருக்கிறேன் போல. அவள் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சார், நீங்க குடுத்தது வீண் போகல. அதனாலதான் அந்த ஊசிகள் போட முடிஞ்சுது. அதனாலதான் மேடம் இத்தனை நாள் எழுந்து நடந்தாங்க. ஆனா இப்ப உள்ள போறதையெல்லாம் நோய் பிடுங்கிக்குது. சாப்பாட்டால இதை ஜெயிக்க முடியாது சார்." பிறகு மெதுவாக, "இனிமே அவங்க கேக்கறதைக் குடுங்க. கேக்கலன்னா வற்புறுத்தாதீங்க" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்டிருக்கவே கூடாது. அதன் பிறகு என் கைகளுக்கு வேலையில்லை. நீ மத்தி கேட்கவில்லை. ரசத்தின் தெளிவை ஒரு ஸ்பூன் கேட்டாய். ஒரு நாள் செல்வி வைத்த மீன்குழம்பின் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுவரச் சொல்லி, முகர்ந்துவிட்டு, "நீ நல்லா வைக்கிற" என்று அவளிடம் சொன்னாய். அவள் கிண்ணத்தோடு வெளியே போய், சுவருக்கு அந்தப் பக்கம் விம்மியது உனக்கும் கேட்டிருக்கும். ஒருமுறை நான் வற்புறுத்தினேன். ஆறிய இட்லி, ஒரு பட்டாணி அளவு மீன். நீ எனக்காக வாயைத் திறந்தாய். விழுங்க முடியவில்லை. அதை நான் உன் உதட்டிலிருந்தே துடைத்து எடுத்தேன்.

மருத்துவமனைக்குக் கடைசியாகப் போய்த் திரும்பிய மாலை நினைவிருக்கிறதா? ஆட்டோ தெருமுனையில் நின்றுவிட்டது. உன்னால் நடக்க முடியவில்லை. செல்வி நாற்காலி கொண்டுவருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே உன்னைத் தூக்கினேன். கோணல்மாணலான சந்து. இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். உன் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. நான் மூச்சு வாங்க ஒரு வீட்டுப் படியில் சாய்ந்து நின்றேன்.

"கனமா இருக்கேனா?" என்றாய்.

"ஆமா."

"அப்போ சரி," என்றாய். உதட்டில் ஒரு சிரிப்பு.

நீ எதைச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னைத் தேற்றினாயா, அல்லது நீயும் ஒரு கணம் நம்பினாயா? அந்த வாரமே போய்விட்டாய். கேட்டுக்கொள்ள முடியவில்லை.

அது வெறும் நீர்தான் என்று டாக்டர் சொன்னது உண்மையாக இருக்கலாம். நான் தூக்கியது உன்னைத்தானே? நீ மென்று விழுங்கிய ஒவ்வொரு வாயும், உன் கோபமும், கேலியும், கடலூர்க் கடலும் அதற்குள் இருந்திருக்கும்தானே? சந்தில் நடக்கும்போது, தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும், என் இரண்டு கைகளும் தாமாகக் கொஞ்சம் மடங்கிக்கொள்கின்றன. செல்வி பார்த்திருக்கிறாள். அந்தக் கனம் அப்படியே இருக்கிறது. எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.